உயிலுக்கு முந்தைய ஆண்டுகள்

உயில் எழுத வேண்டும் என்று வழக்கறிஞரான என்னிடம் வருகிற கட்சிக்காரர்களில் பலருக்கு, தமக்குப் பிறகு வீடு யாருக்கு, நிலம் யாருக்கு, வங்கியில் இருப்பது யாருக்கு என்பதில் பெரிய குழப்பம் இருப்பதில்லை. அதை அவர்கள் ஆண்டுக்கணக்கில் மனத்துக்குள் பிரித்துப் பார்த்து, ஏறத்தாழ முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். விடை கிடைக்காமல் அவர்களை அலைக்கழிக்கிற கேள்வி வேறொன்று: நான் படுத்துவிட்டால் என்னை யார் பார்த்துக்கொள்வார்கள்? அந்தக் கேள்வியை நேரடியாகக் கேட்க வாய் வராததால், சொத்தைப் பற்றிய பேச்சாக அதை எடுத்துக்கொண்டு நம் எதிரே வந்து உட்காருகிறார்கள். சொத்துத் திட்டமிடலைத் தொழிலாகக் கொண்ட எவரும் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இந்தக் கேள்வியைக் காதில் வாங்குவதைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் படிப்பும் பயிற்சியும் இதற்கு அதிகம் உதவுவதில்லை. மரணம் என்ற ஒரு நாளைச் சுற்றியே சட்டக் கல்வி உயிலைக் கற்றுத் தருகிறது. அந்த நாளுக்கு முன்னால், ஒருவர் தம் கணக்கைத் தாமே பார்க்க முடியாமல், தம் உடம்பைத் தாமே கழுவ முடியாமல் வாழக்கூடிய ஐந்து ஆண்டுகளையோ பத்து ஆண்டுகளையோ பற்றி அது மிகக் குறைவாகவே பேசுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021-இல் உலகெங்கும் 5 கோடியே 70 லட்சம் பேர் மறதி நோயுடன் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் புதிதாகச் சேர்கிறார்கள். பக்கவாதம், நடுக்குவாதம், இடுப்பெலும்பு முறிவு ஆகியவற்றால் பிறர் கையை எதிர்பார்த்து வாழ்பவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஆகவே, இறந்த பிறகு நடக்க வேண்டியதை மட்டும் எழுதிக் கொடுத்துக் கட்டணம் வாங்கிக்கொள்வது பாதி வேலையைச் செய்வதாகவே எனக்குப் படுகிறது.

முதல் சந்திப்பிலிருந்து தொடங்குகிறேன். வயதானவர் ஒருவர் தனியாக வருவது அரிது. மகனோ மகளோ மருமகளோ அழைத்து வருகிறார்கள். பெரும்பாலும் கட்டணத்தையும் அவர்களே செலுத்துகிறார்கள். பணம் யார் கொடுத்தாலும், உயில் யாருடையதோ அவரே கட்சிக்காரர் என்பதை வந்த ஐந்து நிமிடத்துக்குள், எல்லோரும் கேட்கும்படி, மரியாதையாகவும் தெளிவாகவும் சொல்லிவிட வேண்டும். அதன் பின் அழைத்து வந்தவரை வெளியே அமரச் சொல்லிவிட்டு முதியவரிடம் தனியாகப் பேச வேண்டும். இது பிள்ளைகள் மீது சந்தேகப்படுவதற்காக வைத்திருக்கிற ஏற்பாடு இல்லை. நாளைக்கு ஒருவர் "அம்மாவை மிரட்டி எழுதி வாங்கிவிட்டார்கள்" என்று வழக்குத் தொடுத்தால், உடன் வந்த அந்தப் பிள்ளையைக் காப்பாற்றப் போவதும் இதே தனிச் சந்திப்புதான். இப்படி விளக்கும்போது முகம் சுளிக்கிறவர்கள் மிகச் சிலரே.

ஒரு மூதாட்டியை மகன் அழைத்து வந்திருந்தார். நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவர் முதலில் மகனின் முகத்தைப் பார்த்தார், மகன் பதில் சொன்னார், அவர் தலையசைத்தார். மகன் வெளியே போனதும் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு பழைய மருந்துச் சீட்டை எடுத்து மேசைமீது விரித்தார். அதன் பின்புறத்தில் பென்சிலால் ஒரு பட்டியல் எழுதியிருந்தார். அதில் சொத்து ஒன்றுகூட இல்லை. கணவருக்கு இரவில் கண்ணில் சொட்டு மருந்து விடுவது யார், அவர் கழிப்பறைக்கு எழுந்திருக்கும்போது கைகொடுப்பது யார், காது கேட்கும் கருவிக்கு பேட்டரி மாற்றுவது யார் என்று கேள்விகளாகவே எழுதப்பட்டிருந்தன. "நான் முன்னாடி போயிட்டா இதெல்லாம் யாருக்கும் தெரியாதுங்க" என்றார். உயில் எழுதுவதற்கான குறிப்புகளைக் காட்டிலும் அந்தச் சீட்டுதான் அன்றைய வேலையைத் தீர்மானித்தது. மகனும் பிறகு உள்ளே வந்து அதைப் படித்தார். அம்மா இத்தனையும் செய்துகொண்டிருக்கிறார் என்பது அவருக்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை.

அன்பு என்பது இந்தத் தொழிலில் பெரும்பாலும் அறையை எப்படி ஒழுங்கு செய்கிறோம் என்பதில்தான் வெளிப்படுகிறது. முதியவர்களைக் காலை வேளையில் வரச் சொல்வது நல்லது. மறதி நோய் உள்ளவர்களில் பலருக்கு மாலை நெருங்க நெருங்கக் குழப்பம் கூடும். வெளிச்சம் நம் முகத்தில் விழும்படி அமர வேண்டும். காது மந்தமானவர்கள் உதட்டசைவைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்கிறார்கள். எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்று கேட்டு அந்தப் பக்கமாக நாற்காலியைப் போட்டுக்கொள்ள வேண்டும். வரைவைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கையில் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகும் ஒவ்வொரு பத்தியாக வாய்விட்டு வாசித்து, "புரிகிறதா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இந்தப் பத்தியில் உங்கள் இளைய மகளுக்கு என்ன கிடைக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள் அம்மா" என்று கேட்க வேண்டும். முன்னதற்கு எல்லோரும் ஆம் என்றே சொல்வார்கள்.

சித்த சுவாதீனத்தை, அதாவது தாம் செய்வதைப் புரிந்துகொண்டு முடிவெடுக்கும் மனத்தெளிவைப் பற்றி மக்களிடையே இருக்கிற தவறான எண்ணம் வேதனை தருவது. மறதி நோய் என்று மருத்துவர் சொல்லிவிட்டால் அன்றோடு கையெழுத்திடும் உரிமை போய்விட்டது என்று குடும்பங்கள் நினைத்துக்கொள்கின்றன. இங்கிலாந்தில் 1870-இல் தீர்ப்பளிக்கப்பட்ட பேங்க்ஸ் எதிர் குட்ஃபெலோ வழக்கு இன்றும் பல நாட்டு நீதிமன்றங்கள் எடுத்தாளும் அளவுகோலை வகுத்தது. அந்த வழக்கின் ஜான் பேங்க்ஸ், இறந்துபோன ஒருவர் தம்மைத் துரத்துவதாகவும் தீய ஆவிகள் தம்மைத் தொல்லைப்படுத்துவதாகவும் நம்பியவர். ஆயினும் அவருடைய உயில் செல்லும் என்றே தீர்ப்பாயிற்று. ஏனெனில் தாம் செய்வது உயில் என்பதும், தம்மிடம் இருக்கும் சொத்து ஏறத்தாழ எவ்வளவு என்பதும், தம்மிடம் எதிர்பார்க்கும் உரிமை யார் யாருக்கு உண்டு என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தன. அவருடைய மாயத் தோற்றங்கள் சொத்தைப் பிரித்த விதத்தைப் பாதிக்கவில்லை. நோயின் பெயர் முடிவு செய்வதில்லை. அந்த நாளில், அந்த ஆவணத்துக்குத் தேவையான புரிதல் இருந்ததா என்பதே முடிவு செய்கிறது. ஆரம்ப நிலையில் இருப்பவருக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஆனால் அந்த நேரம் நீண்டதில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. சிறுநீர்த் தொற்று, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய நாட்கள் ஆகியவற்றால் முதியவர்களுக்கு வருகிற திடீர்க் குழப்பம் பெரும்பாலும் தற்காலிகமானது. அப்படிப்பட்ட நாளில் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் கையெழுத்து வாங்காமல் திருப்பி அனுப்பி, சிகிச்சை முடிந்த பிறகு வரச் சொல்வதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை. மிகவும் மூத்தவரோ கடும் நோயாளியோ உயில் எழுதும்போது மருத்துவர் ஒருவர் அவரைப் பரிசோதித்து, அவருக்குப் புரிதல் இருப்பதைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1975-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்று வலியுறுத்தியது. கட்சிக்காரரிடம் இதைச் சொல்லும்போது அவர் அவமானமாக உணரக்கூடும். "உங்கள் விருப்பத்தை யாரும் பிற்பாடு அசைக்கக்கூடாது ஐயா, அதற்கான பூட்டு இது" என்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள்.

பராமரிப்பைப் பற்றிப் பேச்செடுக்கும்போது "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "ஏதோ போகிறது" என்ற பதிலுக்கு மேல் எதுவும் வராது. மருத்துவ உலகம் இதற்கு நல்ல கருவிகளைக் கொடுத்திருக்கிறது. 1963-இல் சிட்னி காட்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட அளவுகோல் ஆறு செயல்களைப் பற்றிக் கேட்கிறது: குளித்தல், உடுத்தல், கழிப்பறைக்குச் செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுதல், மலசலத்தைக் கட்டுப்படுத்துதல், உண்ணுதல். 1969-இல் லாட்டனும் பிராடியும் வெளியிட்ட மற்றொன்று, தொலைபேசியைக் கையாளுதல், மருந்துகளை நேரப்படி எடுத்துக்கொள்ளுதல், பணத்தைக் கணக்கிடுதல் முதலான, சற்றே சிக்கலான எட்டுச் செயல்களைப் பற்றியது. நான் இவற்றைத் தேர்வுத்தாள்போல் நீட்டுவதில்லை. பேச்சினூடே, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, மாத்திரைகளை யார் எடுத்து வைக்கிறார்கள், வங்கிக்கு யார் போகிறார்கள் என்று கேட்டு வருவேன். பணத்தைக் கையாளும் திறன் மற்றவற்றுக்கு முன்பே தளரத் தொடங்குவது மறதி நோயில் அடிக்கடி காணப்படுவது. கட்டிய வரியை மறுபடி கட்டுவதும், வந்த நோட்டீஸைப் பிரிக்காமலே அடுக்கி வைப்பதும் வழக்கறிஞரின் மேசைக்குத்தான் முதலில் வந்து சேர்கின்றன. சில வேளைகளில் மருத்துவரைக் காட்டிலும் முன்பாக இதைப் பார்க்கிறவர் நாமாக இருப்போம். அதைச் சொல்லும் பொறுப்பும், வலிக்காமல் சொல்லும் பொறுப்பும் அப்போது நம்முடையவையாகின்றன.

இனி, நான் மிக அதிகமாகக் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். "பையனுக்கு பவர் எழுதிக் கொடுத்துவிட்டேன், இனி அவன் பார்த்துக்கொள்வான்" என்று நிம்மதியாக இருக்கும் பெற்றோர் ஏராளம். தம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு உரிமை தரும் அந்த அதிகாரப் பத்திரம் தங்கள் நாட்டில் எப்போது வரை செல்லும் என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருப்பதில்லை. இந்தியாவில் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் சித்த சுவாதீனத்தை இழந்தால் முகவருக்குக் கொடுத்த அதிகாரம் பொதுவாக முடிவுக்கு வந்துவிடுகிறது. எந்த நாளுக்காக அந்தப் பத்திரம் எழுதப்பட்டது என்று பெற்றோர் நினைத்தார்களோ, அதே நாளில் அது வெறும் காகிதமாகிவிடுகிறது. கணவர் நினைவிழந்து கிடக்கும்போது அவருடைய மருத்துவச் செலவுக்காக அவர் பெயரில் உள்ள சொத்தை விற்க மனைவிக்கு உரிமை இருக்காது. காப்பாளராக நியமிக்கக் கோரி உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியிருக்கும். 

மற்ற சில நாடுகள் இந்தப் பள்ளத்தைச் சட்டத்தாலேயே நிரவியிருக்கின்றன. இங்கிலாந்தும் வேல்ஸும் 1985-இல் இயற்றிய சட்டத்தின் மூலம், புரிதல் போன பிறகும் நீடிக்கும் அதிகாரப் பத்திரத்தை அனுமதித்தன; 2007 அக்டோபர் முதல் அதன் இடத்தில் வந்த புதிய முறையில், சொத்துக்கு ஒன்றும் உடல்நலத்துக்கு ஒன்றுமாக இரண்டு வகைப் பத்திரங்களை எழுதலாம். சிங்கப்பூரிலும் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் நீடித்த அதிகாரப் பத்திரத்துக்கு இடமளிக்கிறது. ஜப்பானில், ஒருவர் தெளிவாக இருக்கும்போதே தமக்கான காப்பாளரைத் தாமே தேர்ந்தெடுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளும் சட்டமும், முதியோருக்கான நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடும் 2000 ஏப்ரல் 1 அன்று ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தன. இரண்டையும் ஒரு வண்டியின் இரு சக்கரங்கள் என்று அங்கே குறிப்பிடுவதுண்டு. சொத்தை நிர்வகிக்கும் ஏற்பாடும் உடம்பைப் பராமரிக்கும் ஏற்பாடும் ஒன்றையொன்று விட்டு ஓடமுடியாது என்பதை அந்நாட்டுச் சட்டமியற்றியவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. குடும்பம் நாடுகள் தாண்டிப் பரவியிருக்கும் இந்தக் காலத்தில், ஒரு நாட்டில் எழுதிய பத்திரம் இன்னொரு நாட்டு வங்கியில் செல்லுமா என்பதையும் தனியாகக் கேட்டறிய வேண்டும். செல்லும் என்று ஊகித்துக்கொள்ளக் கூடாது.

சட்டம் இடம் கொடுக்காத நாட்டில் இருப்பவர்களுக்கும் வழிகள் உண்டு, ஆனால் அவற்றை நேரம் இருக்கும்போதே செய்ய வேண்டும். மருத்துவச் செலவுக்கென ஒரு தொகையை, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்கில் வைக்கலாம். அதில் மற்றவர் எடுப்பது யாருக்காக என்பதை ஒரு கடிதத்தில் எழுதி வைத்துவிட்டால் பின்னாளில் உடன்பிறந்தவர்களிடையே சண்டை வராது. சொத்து கணிசமாக இருந்தால், தம் வாழ்நாளிலேயே தமக்கும் துணைக்கும் பயன்படும்படி, சொத்தை வேறு சிலர் பொறுப்பில் ஒப்படைக்கும் ஒரு அறக்கட்டளையை (டிரஸ்ட்) ஏற்படுத்தி, தம் புரிதல் தளர்ந்த பிறகும் அறங்காவலர்கள் நிர்வகிக்கும்படி செய்யலாம். யாரை நியமிப்பது என்று கேட்பவர்களிடம், மூத்த பிள்ளையா இளைய பிள்ளையா என்று பார்க்க வேண்டாம், கணக்கு எழுதி வைக்கும் பழக்கம் யாருக்கு இருக்கிறது என்று பாருங்கள் என்றே சொல்வேன். பணத்தைக் கையாள்பவர் ஒருவராகவும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கணக்கைப் பார்ப்பவர் இன்னொருவராகவும் இருந்துவிட்டால், முதியவர்களின் பணம் சுரண்டப்படுவதைப் பெருமளவு தடுத்துவிடலாம். அப்படிச் சுரண்டுபவர் அந்நியராகத்தான் இருப்பார் என்ற நம்பிக்கைக்கு அனுபவத்தில் ஆதாரம் இல்லை.

மருத்துவ முடிவுகளைப் பற்றிய ஆவணத்துக்கு வயது அதிகமில்லை. தம்மால் பேச முடியாத நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கும் யோசனையை அமெரிக்க வழக்கறிஞர் லூயிஸ் குட்னர் 1969-இல் ஒரு சட்ட இதழில் முன்வைத்தார். இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று இத்தகைய ஆவணத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் நீதித்துறை நடுவரின் முன்னிலை முதலான நிபந்தனைகளால் அது நடைமுறையில் எட்டாக்கனியாகவே இருந்தது. 2023 ஜனவரியில் அந்த நிபந்தனைகள் தளர்த்தப்பட்டு, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியின் சான்றொப்பம் போதும் என்றாகியிருக்கிறது. 

இந்த ஆவணத்தை, கட்டங்களில் குறியிட்டு முடித்துவிடும் படிவமாக நடத்துவதை நான் விரும்புவதில்லை. செயற்கைச் சுவாசம் வேண்டுமா வேண்டாமா என்று மொட்டையாகக் கேட்டால் எந்த மனிதராலும் பதில் சொல்ல முடியாது. எது இல்லாமல் போனால் வாழ்க்கை உங்களுக்கு வாழ்க்கையாக இருக்காது என்று கேட்கிறேன். பேரப்பிள்ளைகளை அடையாளம் தெரிய வேண்டும் என்பார் ஒருவர். வலி இல்லாமல் இருந்தால் எவ்வளவு நாளானாலும் இருக்கத் தயார் என்பார் இன்னொருவர். மருத்துவமனையில் சாகக் கூடாது என்பது ஒன்றே சிலருடைய விருப்பம். அந்தச் சொற்களை அவர்கள் சொன்னபடியே எழுதி, அவர்கள் சார்பில் பேசப் போகிறவரையும் அழைத்து உட்கார வைத்துக் கேட்கச் செய்கிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கப் போகிற மகளுக்கு, "அப்பா தம் வாயாலேயே என்னிடம் சொன்னார்" என்ற நினைவு தருகிற பலத்தை எந்த முத்திரைத்தாளும் தருவதில்லை. அதோடு, அந்த ஆவணத்தை வங்கி லாக்கரில் வைக்காதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆம்புலன்ஸ் வருகிற இரவில் லாக்கர் திறக்காது. ஒரு நகல் மருத்துவரிடமும், ஒன்று பேசப் போகிறவரிடமும், ஒன்று கைப்பேசியில் படமாகவும் இருக்க வேண்டும்.

பராமரிக்கப் போகிறவரை நம் தொழில் பார்ப்பதே இல்லை என்பது என் ஆழ்ந்த மனக்குறை. உயிலில் அவர் பயனாளியாக வரலாம், வராமலும் போகலாம். அவருடைய உழைப்பு எந்த ஆவணத்திலும் வருவதில்லை. மறதி நோயுள்ளவர்களுக்குக் கிடைக்கும் பராமரிப்பு நேரத்தில் 70 சதவீதத்தைப் பெண்களே தருகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. மகள், மருமகள், மனைவி, திருமணமாகாத தங்கை என்று அந்தப் பெண்ணுக்கு எத்தனையோ உறவுமுறைப் பெயர்கள் உண்டு. வேலையை விட்டிருப்பார், ஓய்வூதியச் சேமிப்பு நின்றிருக்கும், அவருடைய முதுகுவலிக்கு மருத்துவரைப் பார்க்கக்கூட நேரம் இருந்திருக்காது. ஸ்டீவன் ஸாரிட்டும் உடனிருந்தவர்களும் 1980-இல் உருவாக்கிய பராமரிப்புச் சுமை அளவுகோல் பிற்பாடு 22 கேள்விகள் கொண்டதாக அமைந்தது. உங்களுக்கென்று நேரம் இருக்கிறதா, உங்கள் உடல்நலம் கெடுவதாக உணர்கிறீர்களா என்பன போன்ற எளிய கேள்விகள்தாம் அவை. அவற்றை அந்தப் பெண்ணிடம் அதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே கட்சிக்காரரின் சம்மதத்தோடு, பராமரிப்பவரைத் தனியாக ஒருமுறை சந்திக்கிறேன். அவர் என் கட்சிக்காரர் இல்லை என்பதையும், அவருக்குத் தேவைப்பட்டால் வேறொரு வழக்கறிஞரின் ஆலோசனையைப் பெறலாம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவேன். அப்படிச் சந்தித்த ஒரு பெண்ணிடம், மாமியாரைத் தூக்கி உட்கார வைக்கும்போது உதவிக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் இரண்டு மணிக்கட்டுகளையும் திருப்பிக் காட்டினார். இரண்டிலும் இழுவைத் துணிப்பட்டை கட்டியிருந்தது. இதையெல்லாம் வீட்டில் எல்லோரும் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரித்துவிட வேண்டும் என்ற ஆசை பெற்றோரிடம் இயல்பாக இருக்கிறது. அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் மூவரில் ஒருத்தி பத்து ஆண்டுகள் உடனிருந்து பார்த்துக்கொண்டு, மற்ற இருவர் ஆண்டுக்கொரு முறை வந்து போயிருந்தால், மூன்று சம பங்குகள் நியாயமான பங்குகள் ஆகுமா என்று பெற்றோரிடமே கேட்டுவிடுவது நல்லது. அவர்களே முடிவு செய்யட்டும். கூடுதலாகக் கொடுப்பதென்றால், பராமரிப்புக்காக மாதந்தோறும் ஒரு தொகையை வாழ்நாளிலேயே எழுத்துமூல ஒப்பந்தத்தின்படி கொடுத்து வருவது, உயிலில் ஒரு பங்கைக் கூட்டி வைப்பதைவிடப் பெரும்பாலும் மேலானது. உழைத்த காலத்திலேயே அவர் கைக்குப் பணம் வந்து சேருகிறது, மற்றவர்களுக்கும் அது தெரிந்திருக்கிறது. உயிலில்தான் கொடுக்க வேண்டும் என்றால், காரணத்தைச் சொல்லி, எவரையும் பழிக்காமல், பெற்றோர் தம் சொந்த நடையில் ஒரு கடிதம் எழுதி இணைப்பது நல்லது. "அவள் என் பக்கத்தில் இருந்தாள், நீங்கள் தூரத்தில் இருந்தும் என்னை மறக்கவில்லை" என்று ஒரு தந்தை எழுதிய கடிதத்தைப் படித்த பிறகு அந்தப் பிள்ளைகளில் எவரும் வழக்குக்குப் போகவில்லை.

வாழ்நாளிலேயே வீட்டைப் பிள்ளை பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடும் எண்ணத்தோடு வருகிறவர்களிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுகிறேன். எழுதிக் கொடுக்கலாம், ஆனால் தமக்கும் துணைக்கும் உயிருள்ளவரை வசிக்கும் உரிமையை அதே பத்திரத்தில் தக்கவைத்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு பெற்ற சொத்தை, பராமரிக்கத் தவறினால் தீர்ப்பாயம் செல்லாததாக்கலாம் என்கிறது. அப்படியொரு நிபந்தனை இருந்ததாகக் காட்டாவிட்டால் அந்தப் பிரிவு உதவாது என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் கூறியது. முதியோரின் நலன் கருதி அந்தச் சட்டத்துக்குத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் கூறியது. எந்த அமர்வு எப்படிப் பொருள்கொள்ளும் என்று காத்திருக்கத் தேவையில்லாமல், நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவதற்கு இரண்டு வரிகள் போதும். பிள்ளைமேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்பவர்களுக்கு, அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீடு யார் கைக்குப் போகும் என்பதை நினைவூட்டுகிறேன்.

மாற்றுத்திறனுள்ள பிள்ளையின் பெற்றோர் வரும்போது, மற்ற வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு நேரம் கொடுக்க வேண்டும். அவர்களுடைய பயம் மற்ற எல்லாப் பயங்களையும்விடப் பெரியது. பிள்ளையின் பெயரில் நேரடியாகச் சொத்தை எழுதாமல் அறக்கட்டளை மூலம் எழுதுவது, காப்பாளரையும் அவருக்கு மாற்றானவரையும் பெயர் சொல்லி நியமிப்பது, அரசு உதவித்தொகைக்கான தகுதி கெடாமல் பார்த்துக்கொள்வது ஆகிய சட்ட வேலைகளை எந்த நல்ல வழக்கறிஞரும் செய்துவிடுவார். நான் அவற்றோடு ஒரு நோட்டுப் புத்தகமும் கேட்கிறேன். ஒரு தாய் எழுதிக் கொண்டுவந்ததில் இப்படி இருந்தது: முடி வெட்டும்போது காதருகே சத்தம் வந்தால் பயப்படுவான், முதலில் அவன் கையில் கத்தரிக்கோலைத் தொட்டுப் பார்க்கக் கொடுக்க வேண்டும், வலித்தால் அழமாட்டான், சட்டைக் காலரைக் கடிப்பான், இரவில் விளக்கை அணைக்கலாம், கதவைச் சாத்தக் கூடாது. அவன் வலியைக் கண்டுகொள்வதற்கு அந்த ஒரு வரியைத் தவிர வேறு வழி யாருக்கும் இல்லை. அந்த நோட்டைச் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாத விருப்பக் கடிதமாக உயிலோடு சேர்த்து வைத்து, ஆண்டுதோறும் திருத்தச் சொல்கிறேன்.

துணையை இழந்து சில வாரங்களில் வருகிறவர்களிடம் வேறு விதமாக நடந்துகொள்ள வேண்டும். அவர்கள் ஒரு பை நிறையக் காகிதங்களோடு வருவார்கள். எல்லாமே உடனே செய்தாக வேண்டியவை என்று யாரோ அவர்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். பையைக் கொட்டி, காலக்கெடு உள்ளவற்றை ஒரு புறமும் காத்திருக்கக்கூடியவற்றை மறுபுறமும் பிரித்து வைத்தால், முதல் அடுக்கு எப்போதும் மிகச் சிறியதாகவே இருக்கும். இறப்புச் சான்றிதழின் நகல்கள், ஓய்வூதியம், காப்பீட்டுக்கான அறிவிப்பு, நிலுவைத் தவணைகள் ஆகியவை முதலில். வீட்டை விற்பது, பிள்ளையுடன் குடியேறுவது, தம் உயிலை மாற்றுவது ஆகியவற்றை முடிந்தவரை சில மாதங்கள் தள்ளிப் போடச் சொல்கிறேன். அழுதால் அழ விடுகிறேன். பேச்சை அவசரமாக வேறு பக்கம் திருப்புவது நம் சங்கடத்தைப் போக்குவதற்காகவே இருக்கும்.

கைப்பேசியின் பூட்டு எண், மின்னஞ்சல், இணைய வங்கிக் கணக்குகள் ஆகியவற்றைப் பற்றிய குறிப்பை நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கும்படி செய்வதும், வங்கி, காப்பீடு, பங்குகள் ஆகியவற்றின் நாமினிப் பெயர்கள் உயிலோடு முரண்படாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பதும் அரை நாள் வேலை. இந்தியச் சட்டத்தில் நாமினி பெரும்பாலும் பணத்தைப் பெற்று உரியவர்களுக்குச் சேர்ப்பிக்க வேண்டியவரே தவிர உரிமையாளராகிவிடுவதில்லை; பல குடும்பச் சண்டைகள் இது தெரியாததால் தொடங்குகின்றன. திருமணம், மணமுறிவு, பிறப்பு, இறப்பு, புதிய நோய், நாடு மாறுதல் ஆகிய ஒவ்வொன்றுக்குப் பிறகும் எல்லா ஆவணங்களையும் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, வரைவை முடிக்கும் முன் ஒவ்வொரு உயிலிலும் நான் தேடிப் பார்க்கிற ஒரு பத்தி உண்டு. பராமரிப்பவர் பெரும்பாலும் அதே வீட்டில் வாழ்ந்துகொண்டிருப்பார். பெற்றவர் இறந்ததும் வீடு எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகிறது; விற்றுப் பிரித்துக்கொள்ளலாம் என்ற பேச்சு சில வாரங்களிலேயே எழுகிறது. பத்து ஆண்டுகள் பார்த்துக்கொண்டவருக்கு அப்போது வேலையும் இருக்காது, போக இடமும் இருக்காது. ஆகவே, அவர் விரும்பினால் குறைந்தது ஓராண்டு காலம் வாடகையின்றி அந்த வீட்டிலேயே இருக்கலாம், அந்தக் காலத்துக்கான வரியும் பழுதுபார்ப்புச் செலவும் சொத்திலிருந்தே கொடுக்கப்பட வேண்டும், அதுவரை விற்பனை கூடாது என்று எழுதச் சொல்கிறேன். ஓராண்டு போதாது என்று எண்ணும் கட்சிக்காரர்கள் இரண்டாண்டு என்று திருத்துகிறார்கள். சிலர் அந்தப் பத்தியை முதல் பக்கத்துக்கே கொண்டுபோகச் சொல்கிறார்கள்.